தெற்குத் தெரு மெம்பருக்கு அக்காள் எழுதியது

உ

புங்கநத்தம்,
தாது வருஷம் ஆவணி 14

கொழும்பில் இருக்கும் தம்பி தண்டாயுதபாணிக்கு, அக்காள் அங்கம்மாள் மனமார ஆசி சொல்லி எழுதிக்கொண்டது.

இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அப்படி எழுதினால் பாதிதான் உண்மையாகும். எனக்கு உடம்பு சுகம். தெருவுக்குச் சுகமில்லை.

கையெழுத்தைப் பார்த்துத் திகைத்திருப்பாய். இதுவரை உனக்கு வந்த கடிதங்களையெல்லாம் நான் சொல்லச் சொல்லப் போர்டு குமாஸ்தா கண்ணுசாமிதான் எழுதினார். இனி எழுதப் போவதை அவரிடம் சொல்லி எழுத வைக்க முடியாது. நான் தாலியறுத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்த வருஷம், ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த நீ, என் தறிக்கட்டையில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிக் காட்டிச் சொல்லிக்கொடுத்த எழுத்துத்தான் இது. கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும். பொறுமையாகப் படி.

நேற்று மத்தியானம் தறியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். கனவில் நம் தெரு முழுக்கத் தண்ணீர். பயமாக இல்லை. தறிகள் எல்லாம் பாதி நெய்த பாவோடு மெல்ல மிதந்து போகின்றன. ஒவ்வொன்றிலும் அந்தந்த வீட்டுக்காரர் உட்கார்ந்து நெய்துகொண்டே போகிறார். எல்லாவற்றுக்கும் முன்னால் போகிற தறியில் உன் பூவாத்தாள். முதுகு மட்டும்தான் தெரிந்தது. கூப்பிட்டேன். தறி நாடா ஓடுகிற சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. விழித்துப் பார்த்தால் என் கால் இரண்டும் நனைந்திருந்தன. தறிக்குழியில் கணுக்கால் அளவு தண்ணீர் ஊறி நின்றது. மழையே பெய்யாத ஆவணி மாதத்தில்.

காரணம் உனக்குத் தெரியாதது இல்லை. நாற்பது வீட்டுச் சாக்கடையும் சாயப்பட்டறைத் தண்ணீரும் தெருக்கோடிக் கல்பாலத்தின் கண் வழியாகத்தான் ஓடையில் போய் விழுந்துகொண்டிருந்தன. பிரசிடெண்டு வெங்கடாசலம் தம் கடலை மில்லுக்குச் சுற்றுச்சுவர் எழுப்பியபோது பாலத்தின் கண்ணும் அடைபட்டுப் போயிற்று. அதைத் திறக்க வைக்கிறேன் என்று சொல்லித்தானே போன வருஷம் ஐப்பசியில் நீ பஞ்சாயத்து போர்டு எலெக்ஷனுக்கு நின்றாய். ஆண்களைப் பார்க்க நீ போனாய். அடுப்படிகளுக்குள் நான் போனேன். வீட்டு வரி தன் பேரில் இருந்தால் பெண்ணுக்கும் ஓட்டு உண்டு என்று அவர்களுக்கு முதலில் சொன்னது நான்தான். நம் தெருவில் என்னையும் சேர்த்து அப்படி ஒன்பது பேர். மற்ற எட்டுப் பேரிடமும், என் தம்பி அந்தக் கண்ணைத் திறப்பான் என்று சத்தியம் செய்தேன். எட்டுப் பேரும் உன் நீலப் பெட்டியில்தான் சீட்டுப் போட்டார்கள்.

இப்போது கிணற்றடியில் அந்த எட்டுப் பேரும் என்னைப் பார்க்கிறார்கள். கொழும்புக்கு வந்து உன்னைக் கேட்க அவர்களால் முடியாது. எதிர்வீட்டுச் சின்னாயி போன வெள்ளிக்கிழமை குடத்தை இறக்கி வைத்துவிட்டு, “உன்ற தம்பிக்குன்னு சொல்லித்தான சீட்டுப் போட வெச்சே, அங்கம்மா. எங்கூட்டுத் தறிக்குழியில தவளை குடியிருக்குது. நான் ஆரைப் போயிக் கேக்கட்டும், நீயே சொல்லு” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

விடியலில் மேகம் தாழ இறங்குகிற நாட்களில் சங்ககிரி மலை தரையை விட்டுத் தனியாக மிதக்கிறது. தெருவில் தேங்கிய தண்ணீருக்குள் இன்னொரு மலை மிதக்கிறது. பட்டறையில் சாயம் அலசிய நாளில் அது நீலமாக இருக்கும், மறுநாள் கத்திரிப்பூ நிறமாக இருக்கும். வாசல் தெளிக்க வந்தவள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். எது மேலே, எது கீழே என்று கொஞ்ச நேரம் தெரிவதில்லை. பிறகு காலில் கொசு கடிக்கும்.

தை மாதத்தில் பதினைந்து நாள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லி ரயிலேறினாய். ஏழு மாதம் கடந்துவிட்டது. உன் கடைசிக் கடிதத்தில் மழை உண்டா, தறி ஓடுகிறதா, செவலை ஆடு குட்டி போட்டதா என்றெல்லாம் விசாரித்திருந்தாய். தெருவைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ மறந்துவிட்டாய் என்று நான் நினைக்கவில்லை. மறந்தவன் ஆட்டைப் பற்றி அவ்வளவு தூரம் விசாரிக்க மாட்டான்.

ஆடு இரண்டு குட்டி போட்டது. இரண்டும் பெட்டை.

வேளைக்குச் சாப்பிடு. கடல் காற்று உனக்கு ஒத்துக்கொள்ளட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அக்காள் அங்கம்மாள்


உ

புங்கநத்தம்,
புரட்டாசி 24

தம்பிக்கு அக்காள் ஆசியுடன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. போர்டுக்கு எழுதுகிறேன் என்று ஒரு வரி போட்டிருந்தாய். அந்த ஒரு வரியை எட்டு வீட்டிலும் படித்துக் காட்டினேன். சின்னாயி மட்டும் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாதவள், எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள்.

நேற்று போர்டுக் கூட்டம். நாங்கள் ஒன்பது பேரும் மனு எழுதிக்கொண்டு போனோம். எழுதியது நான். பெண்கள் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே போக எங்களுக்குத்தான் கால் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்து நிழலில் நின்றோம். காற்றே இல்லை. வேப்பம்பூ உதிர்கிற காலமும் இல்லை. ஆனாலும் தலைமேல் ஏதோ உதிர்ந்துகொண்டே இருப்பது போல எனக்குத் தோன்றியது. உள்ளே ஒன்பது நாற்காலி. ஒன்று காலி. அதன்மேல் பிரசிடெண்டு தம் குடையைச் சாத்தி வைத்திருந்தார். அதுதான் உன் நாற்காலி என்று யாரும் சொல்லாமலே தெரிந்துகொண்டேன்.

கண்ணுசாமி முதலில் ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். தெற்குத் தெரு மெம்பர் தண்டாயுதபாணி, சொந்தக் காரணங்களால் கூட்டத்துக்கு வர முடியாதபடியால், மேலும் மூன்று மாதம் லீவு வேண்டுகிறார் என்று. உள்ளே இருந்த எட்டு மெம்பரும் சரி என்றார்கள். வெற்றிலை மடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

பிறகு எங்கள் மனு. முதல் வரியைப் படிப்பதற்குள் பிரசிடெண்டு கையை உயர்த்தினார். அவர் நல்ல மாதிரியாகத்தான் பேசுவார், உனக்கே தெரியும். எழுந்து ஜன்னலுக்கே வந்து கும்பிட்டார். “தெற்குத் தெரு விசயமுங்களா. அந்த வார்டு மெம்பரு தீர்மானம் கொண்டாந்தாத்தானுங்க போர்டுல பேச முடியும். அவரு லீவுல இருக்கறாருங்க. வந்து கேக்கட்டும், நானா மாட்டேங்கறேன்” என்றார். என் உடம்பைப் பற்றி விசாரித்தார். வெயிலில் நிற்காதீங்க என்றும் சொன்னார்.

கூட்டம் கலைந்த பிறகு கண்ணுசாமியை நிறுத்திக் கேட்டேன். மனிதர் என் முகத்தைப் பார்க்காமல் கதவைப் பூட்டிக்கொண்டே சொன்னார். “மூணு மாசம் சேந்தாப்புல கூட்டத்துக்கு வராத போனா மெம்பரு பதவி தானாப் போயிருமுங்க. அதுக்குத்தானுங்க லீவு மனு. பிரசிடெண்டு சொல்லுவாரு, நான் எழுதி கொழும்புக்கு அனுப்புவேன். உங்க தம்பி கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிருவாருங்க. இது மூணாவது மனு. எம்மேல கோவிச்சுக்காதீங்க.”

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டுக்கு நடந்து வந்தது நினைவில்லை. தெருமுனையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கியபோதுதான் எங்கே இருக்கிறேன் என்று தெரிந்தது.

தம்பி, நீ போர்டுக்கு எழுதுகிறேன் என்று எழுதியது பொய்யில்லை. எழுதித்தான் இருக்கிறாய். என்ன எழுதினாய் என்பதைத்தான் நான் நேற்றுக் கேட்டேன். அவர் அன்பாக இருக்கிறார், உன் துக்கம் தெரிந்து லீவு கொடுக்கிறார் என்று நீ நினைத்திருக்கலாம். அவருக்கு வேண்டியது ஒரு காலி நாற்காலி. காலி நாற்காலி எழுந்து நின்று எதையும் கேட்காது. நம் தெருவுக்கு மெம்பர் இல்லாமலே போயிருந்தால் வேறு ஒருவரைத் தேர்ந்தெடுத்திருப்போம். இருந்தும் இல்லாமல் இருக்கிறாய். அதனால் எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதை எட்டுப் பேரிடமும் சொல்லிவிட்டேன். மறைக்கலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். சத்தியம் செய்தவள் நான்தானே. சொன்ன பிறகு ஒருவரும் உன்னைத் திட்டவில்லை. சின்னாயிதான், “பொண்டாட்டி போன ஊட்டுக்கு வாரதுக்கு ஆருக்குத்தான் மனசு வரும்” என்றாள். அவள் திட்டியிருக்கலாம்.

அடுத்த மனு வந்தால் கையெழுத்துப் போடாதே. இவ்வளவுதான் கேட்கிறேன்.

மழைக்காலம் வருகிறது. அங்கேயும் மழை என்றார்கள். நனையாதே.

அக்காள் அங்கம்மாள்


உ

புங்கநத்தம்,
கார்த்திகை 11

தம்பி தண்டாயுதபாணிக்கு,

ஆசியை முடிவில் எழுதுகிறேன். முதலில் செய்தி.

“இன்னும் கொஞ்ச நாள் பொறு அக்கா” என்று நீ எழுதிய அட்டை வந்த அன்றே மழையும் வந்தது. பதினோரு நாள் பெய்தது. ஏழாம் நாள் தெருவில் முழங்கால் தண்ணீர். இருபத்தாறு வீட்டில் தறிக்குழி நிரம்பி, தறி நின்றுவிட்டது. ஒரே சமயத்தில் இத்தனை தறி நின்று நான் கேட்டதில்லை. நீயும் கேட்டிருக்க மாட்டாய். பிறந்ததிலிருந்து காதில் இருந்த சத்தம் போய்விட்டால், ஏதோ ஒரு பெரிய ஊருக்கு வெளியே தனியாக நிற்பது போல இருக்கிறது. பேசுகிறவர்கள்கூட மெதுவாகப் பேசினார்கள். தண்ணீர் அசையவே இல்லை. தூறல் விழுகிற இடத்தில் மட்டும் வட்டம் வட்டமாகச் சாயம் பிரிந்து, மறுபடி சேர்ந்துகொண்டது.

பிறகு காய்ச்சல் வந்தது. குளிரடித்து, விட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு மறுபடி வருகிற அதே காய்ச்சல். முதலில் சாயப்பட்டறையில் மூன்று பேருக்கு. பிறகு சின்னாயி மகள் அத்தாயிக்கு. கைக்குழந்தைக்காரி. கொய்னா மாத்திரை கொடுத்தும் கேட்காமல், கட்டிலோடு வண்டியில் ஏற்றிச் சேலத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். குழந்தை என்னிடம் இருக்கிறது. இதை எழுதும்போது என் மடியில்தான் தூங்குகிறது. அதனால்தான் வரி கோணலாகப் போகிறது.

அத்தாயி வண்டி போன மறுநாள் விடியலில் சின்னாயி தன் வீட்டுத் தறிக்குழியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். எங்கே போகிறாய் என்று கேட்டேன். “நம்முளுக்கு மெம்பரு இல்லையில்ல. தண்ணியே போயிக் கேக்கட்டும்” என்றாள். நானும் ஒரு குடம் எடுத்தேன். தெரு முனைக்குப் போவதற்குள் முப்பது குடம் சேர்ந்துவிட்டது. நீலக் குடம், அரக்குக் குடம், சேற்றுக் குடம். தூறிக்கொண்டிருந்தது. குடத்துத் தண்ணீர் தளும்புகிற சத்தம் மட்டும்தான். எனக்கு அன்று, நடக்கிறேன் என்றே தோன்றவில்லை. திருவிழாவுக்குத் தீர்த்தம் கொண்டுபோகிற கூட்டத்தில் யாரோ என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போல இருந்தது. போர்டு ஆபீசு வாசலில் ஒவ்வொருவராக ஊற்றிவிட்டுத் திரும்பினோம். மறுநாளும். அதற்கு மறுநாளும். ஆபீசு முற்றம் நம் தெருவின் நிறமாகிவிட்டது.

மூன்றாம் நாள் பிரசிடெண்டு வாசலில் நின்றார். கோபப்படவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி என்னிடம்தான் சொன்னார். “அங்கம்மா, உங்க தம்பி ஒத்த வார்த்தை எழுதிக் கேக்கட்டுமுங்க. நாளைக்கே செவுத்த இடிச்சுப்போடறேன். அவரே சும்மா இருக்கறப்ப நான் எதுக்குங்க மெனக்கெடோணும்?”

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். காலிக் குடத்தோடு நின்றேன். உனக்காக நான் பேச முடியாமல் போனது அன்றுதான்.

தம்பி, ஒரு பேச்சை நான் பதினோரு மாதமாக மனசுக்குள் வைத்திருக்கிறேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இன்று அந்த வாக்கை மீறுகிறேன்.

போன வருஷம் இதே கார்த்திகையில் முதல் கூட்டத்துக்குப் போய்விட்டு மாலையோடு வந்தாய். பாலத்தைப் பற்றிப் பேசினாயா என்று வாசலில் வைத்தே கேட்டேன். முதல் நாளே எப்படிக்கா, அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்றாய். அடுத்த கூட்டம் மார்கழியில். அன்றும் நீ பேசாமல்தான் வந்தாய். அந்த வாரமே பூவாத்தாள் படுத்தாள்.

மூன்றாம் நாள் மத்தியானம் நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். தெருத் தண்ணீரில் பட்ட வெயில் கதவு வழியாக வந்து சுவரில் நெளிந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்திருந்தாள். “நங்கையா, செவுத்துல பாருங்க, மீனு மேயுது” என்றாள். என்னை அவள் நங்கையா என்றுதானே கூப்பிடுவாள். நானும் பார்த்தேன். மீன்போலத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “கூட்டத்துல பேசாத வந்துட்டம்னு அவரு மனசுக்குள்ளயே வெசனப்படறாரு. எனக்கு என்ன ஆனாலும் நீங்க அவரை ஒண்ணும் கேக்காதீங்க” என்றாள். சரி என்றேன். அதற்கப்புறம் அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

அதனால்தான் நீ ரயிலேறியபோது நான் தடுக்கவில்லை. கடிதத்தில் கேட்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டபடி உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்திருந்தேன். இப்போது அவள் படுத்த அதே மாதிரி அத்தாயி படுத்திருக்கிறாள். நான் இன்னும் வாயை மூடியிருந்தால், நீ அன்று செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று ஆகிவிடும்.

உன்னால்தான் அவள் போனாள் என்று நான் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் நீ அப்படி நினைத்துக்கொண்டு கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாய். இந்தப் பக்கம் நாற்பது வீடு தண்ணீரில் நிற்கிறது. நாற்காலிக்கு வந்து உட்கார். உன்னால் முடியாவிட்டால் எழுந்துவிடு. எழுந்துவிட்டால் உன்னை இங்கே யாரும் தாழ்வாக நினைக்க மாட்டார்கள். நான் நினைக்கவே மாட்டேன். உட்காரவும் இல்லாமல் எழவும் இல்லாமல் இருப்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

என் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. இந்தக் கடிதத்திலும் உண்டு. அப்படித் தெரியாவிட்டால் இன்னொரு முறை படித்துப் பார்.

அக்காள் அங்கம்மாள்


உ

புங்கநத்தம்,
பங்குனி 5

அருமைத் தம்பிக்கு, அக்காள் ஆசியும் சந்தோஷமும் சேர்த்து எழுதுவது.

உன் இடத்துக்கு வந்த எலெக்ஷன் வேலையில் உனக்கு இரண்டு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இப்போது எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதுகிறேன்.

உன் ராஜினாமாக் கடிதம் மார்கழிக் கூட்டத்தில் எடுக்கப்பட்டது. நாங்கள் ஜன்னலோரம் நின்றிருந்தோம். ராஜினாமா வந்திருக்கிறது, ஏற்றுக்கொள்ளலாம், படிக்க வேண்டியதில்லை என்றார் பிரசிடெண்டு. கண்ணுசாமி எழுந்து நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “மெம்பரு இதைக் கூட்டத்துல படிக்கோணும்னு எழுதியிருக்காருங்க. நகலு கலெக்டர் ஆபீசுக்கும் போயிருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படிக்க ஆரம்பித்தார். நீ எழுதியது எனக்கு இப்போது மனப்பாடம். தெருவில் பாதிப் பேருக்கு மனப்பாடம்.

“தெற்குத் தெருவார் என்னை ஒரே ஒரு வேலைக்காக இங்கே அனுப்பினார்கள். இரண்டு கூட்டங்களில் உட்கார்ந்திருந்தும் அதைக் கேட்காமல் வந்தேன். பிறகு மூன்று முறை லீவு கேட்டேன். கேட்டபோதெல்லாம் கொடுத்தீர்கள். என் தெருவில் தண்ணீர் நிற்பதற்கு அந்தச் சுவர் எவ்வளவு காரணமோ அவ்வளவு நானும் காரணம். என் நாற்காலியைத் தெருவுக்கே திருப்பிக் கொடுக்கிறேன். கேட்கத் தெரிந்த ஒருவரை அவர்கள் அனுப்பிக்கொள்ளட்டும்.”

படித்து முடித்ததும் சின்னாயி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி எதற்கென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. அன்று சாயங்காலம் தெருவே என் வாசலில் வந்து நின்று, நீயே எலெக்ஷனுக்கு நில் என்றபோதுதான் விளங்கியது.

எனக்குப் பச்சைப் பெட்டி. எதிரில் மில்லு மேஸ்திரி பச்சமுத்து நின்றார். நல்ல மனிதர். பிரசிடெண்டு சொன்னதற்காக நின்றவர். ஆண்களில் சிலர் பொம்பளைக்கு எதுக்கு இது என்று சொன்னார்கள். அவர்களும் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் சொன்னார்கள். பதினேழு ஓட்டில் ஜெயித்தேன்.

இனி முதல் கூட்டத்தைப் பற்றி. இதை உனக்குத்தான் எழுத வேண்டும்.

உள்ளே போனேன். எல்லோரும் எழுந்து நின்றார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட. பிரசிடெண்டு தாமே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மின்விசிறி இல்லாத ஊரில் ஒருவர் பின்னால் நின்று எனக்கு விசிறினார். அத்தாயி உடம்பு எப்படி இருக்கிறது என்று பிரசிடெண்டு கேட்டார், குழந்தைக்குப் பால் வேண்டுமென்றால் தம் வீட்டிலிருந்து அனுப்புவதாகச் சொன்னார். நிஜமான அக்கறையோடுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். அறை மெதுவாக விலகிப் போவது போலவும், எல்லோரும் நல்லவர்களாகவும், பாலம் எங்கோ தூரத்தில் யாருடைய ஊரிலோ இருப்பது போலவும் ஒரு மயக்கம். இவ்வளவு மரியாதையாக இருக்கிறவர்களிடம் இன்றே எப்படிக் கேட்பது, அடுத்த கூட்டத்தில் கேட்கலாம் என்று என் மனசே சொன்னது. உன் குரலில் சொன்னது.

அப்போதுதான் தம்பி, உனக்கு அன்று என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. பதினைந்து மாதமாகத் தெரியாதது அந்த ஒரு நிமிஷத்தில் தெரிந்தது. நீ பயந்தவன் இல்லை. எனக்கு ஆனது எவருக்கும் ஆகும்.

உனக்கும் எனக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். உன்னை அனுப்பிவிட்டு நாங்கள் வீட்டுக்குப் போய்விட்டோம். என்னை அனுப்பியவர்கள் போகவில்லை. ஜன்னலில் சின்னாயி முகம் இருந்தது. அத்தாயியின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வெறுமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து நின்றேன். தெற்குத் தெருப் பாலத்தின் கண்ணை ஏழு நாளுக்குள் திறக்க வேண்டும் என்று தீர்மானம் சொன்னேன். குரல் எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை. கண்ணுசாமி எழுதிக்கொண்டார், அதனால் கேட்டிருக்க வேண்டும். கலெக்டர் ஆபீசிலிருந்து உன் நகலைப் பற்றி விளக்கம் கேட்டு ஒரு காகிதமும் வந்திருந்ததாம். ஐந்து பேர் கை தூக்கினார்கள். நாலு பேர் தூக்கவில்லை.

ஆறாம் நாள் காலையில் சுவரில் ஓர் ஆள் அகலத்துக்கு இடித்தார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தெருத் தண்ணீரின் மேல் மிதந்த ஒரு பூவரச இலை தானாக நகர ஆரம்பித்தது. எல்லோரும் வாசலில் வந்து அதைப் பார்த்தோம். நேரமாக ஆகத் தண்ணீர் முழுவதும் அந்த இலைக்குப் பின்னால் போவது போல மெதுவாகப் போயிற்று. அன்று முழுக்க, மறுநாள் மத்தியானம் வரைக்கும் போனது. யாரும் சமைக்கவில்லை. கடைசியில் தெருவுக்கு நடுவே பாவியிருந்த பலகைக் கற்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நம் தெருவில் கல் பாவியிருக்கிறது என்றே சிறு பிள்ளைகளுக்குத் தெரியாது. கல்லுக்குக் கல் தாவி விளையாடினார்கள். மூன்றாம் நாள் ஒரு தறி ஓடுகிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

அத்தாயி ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டாள். குச்சி போல மெலிந்திருக்கிறாள். ஆனால் பசிக்கிறது என்று சொல்கிறாள். அது நல்ல வார்த்தை.

எனக்கு ஓய்வு கிடைத்தது என்று நினைக்காதே. சாக்கடை போன மறுநாளே சின்னாயி வந்து, கிணற்று முக்கில் விளக்குக் கம்பம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டாள். பார்க்கலாம் என்றேன். “பாக்கலாமுன்னு சொல்லாதே. என்னைக்குன்னு சொல்லு” என்றாள். சித்திரைக் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன். இனி அவளைக் காணும்போதெல்லாம் எனக்குச் சித்திரைதான் ஞாபகம் வரும்.

உன் வீட்டைத் திறந்து பெருக்கினேன். சுவர் இடுப்பளவுக்கு ஊறிப் பூத்துப்போயிருக்கிறது. மற்றபடி ஓடு சரியாக இருக்கிறது. தரை காய்ந்துவிட்டது. கட்டிலை வெயிலில் போட்டு எடுத்தேன். பூவாத்தாளின் சாமான்களில் ஒன்றையும் நான் தொடவில்லை. அது உன் வேலை.

கடைசியாக ஒன்று. நேற்று ஆபீசில் வோட்டர் ஜாபிதாவைப் புரட்டிப் பார்த்தேன். வீட்டு வரி உன் பேரில்தான் இருக்கிறது, அதனால் உன் பேரும் அதில் இருக்கிறது. நீ தெற்குத் தெரு வோட்டர். நான் உனக்கு மெம்பர். நான் செய்ததில், செய்யாததில் உனக்குக் குறை ஏதும் இருந்தால் என்னை நிறுத்தி வைத்துக் கேட்க உனக்கு உரிமை உண்டு. பதினோரு மாதம் கேட்காமல் இருந்ததற்கும், பிறகு அப்படிக் கேட்டதற்கும் சேர்த்தே நீ கேட்கலாம். நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்.

ஆனால் தபாலில் வருகிற புகாரை இந்த மெம்பர் எடுத்துக்கொள்வதாக இல்லை. நேரில் வந்துதான் சொல்ல வேண்டும்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்காள் அங்கம்மாள்,
மெம்பர், தெற்குத் தெரு